காப்பாற்றினால் மட்டும் போதுமா? சூப்பர்ஹீரோ காதலில் சமம் என்றால் என்ன

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பல படங்களின் முடிவு இதில் வரும், பார்க்காதவர்கள் உஷார்.)

இன்னைக்கு ஒரு முத்தத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

1980-ல் வந்த ‘சூப்பர்மேன் 2’ படத்தின் கடைசிப் பகுதி. டெய்லி பிளானட் பத்திரிகை அலுவலகம். லோயிஸ் லேனுக்கு இப்போது எல்லாமே தெரியும். கூட வேலை பார்க்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தடுமாறும் கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்று தெரியும். இருவரும் காதலித்ததும், இனி சேர்ந்து வாழ முடியாது என்பதும் தெரியும். தாங்க முடியவில்லை என்று அவனிடம் உடைந்து அழுகிறாள். கிளார்க் அவளை முத்தமிடுகிறான். அடுத்த நொடி லோயிஸுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. காதல், உண்மை, அழுகை எல்லாம் அழிந்துவிட்டது. அவன் ஒருத்தன் மட்டும் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நிற்கிறான்.

சின்ன வயசுல டிவியில பார்த்தப்போ எனக்கு இது பெரிய தியாகமாத் தெரிஞ்சுது. ‘பாவம்டா, வலியை எல்லாம் இவனே எடுத்துக்கிட்டான்’னு நினைச்சேன். போன மாசம் திரும்பப் பார்த்தேன். ஒரு விஷயம் உறுத்துச்சு. வலிக்குதுன்னுதானே அவ சொன்னா? மறக்க வைன்னு கேட்கவே இல்லையே?

2006-ல் இதே படத்தின் ரிச்சர்ட் டானர் வெர்ஷன் வந்தது. அதில் முத்தத்துக்குப் பதிலாகக் காலத்தையே பின்னால் திருப்பிவிடுகிறான். நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். ரெண்டு வெர்ஷன், ரெண்டு வழி. ரெண்டுலயும் லோயிஸைக் கேட்கல.

இன்னைக்கு நாம பேசப்போறது இதைத்தான். ஒரு பக்கம் மலையைத் தூக்குற ஆள், இன்னொரு பக்கம் லேப்டாப் பையே கனக்குதுன்னு சொல்ற ஆள். இந்த ரெண்டு பேருக்கு நடுவுல ‘சமம்’னு ஒண்ணு சாத்தியமா? சாத்தியம்னா, அது எங்க இருக்கு?

பலம் ஒரு பக்கம் இருக்கட்டும்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். சமம்னா ஒரே அளவு பலம்னு வச்சுக்கிட்டா, பேச்சு இங்கயே முடிஞ்சுது. ஜாதகக் கட்டத்தை வச்சுப் பார்த்தா சூப்பர்மேனுக்கும் லோயிஸுக்கும் பத்துல ஒரு பொருத்தம்கூடத் தேறாது. பிறந்த கிரகமே வேற.

‘சூப்பர்மேன் 2’ இந்தக் குழப்பத்தைக் கதையாகவே வைத்திருக்கிறது. சாதாரண மனுஷியோடு வாழ வேண்டும் என்றால் சாதாரண மனுஷனாக மாற வேண்டும் என்று சொல்லப்படுகிறது. கிளார்க் தன் சக்திகளைத் துறக்கிறான். விளைவு? நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில் ஒரு லாரி டிரைவரிடம் உதை வாங்குகிறான், உதட்டில் ரத்தம் வருகிறது. அதே நேரம் ஜெனரல் ஸாட் உலகத்தைப் பிடித்துவிடுகிறான். ஒருவர் தன்னைக் குறைத்துக்கொண்டு வந்து சமமாக நிற்பதில் யாருக்கும் லாபம் இல்லை. சக்தியைத் துறந்துவிட்டு வா என்று லோயிஸ் கேட்கவும் இல்லை.

நிஜத்திலும் எந்த ஜோடியும் எல்லாவற்றிலும் சமமாக இருப்பதில்லை. ஒருவருக்குச் சம்பளம் கூட. ஒருவருக்கு வெளிநாட்டுக் குடியுரிமை, இன்னொருவருக்கு அவரை நம்பி இருக்கிற விசா. ஒருவர் ஊரறிந்த முகம், இன்னொருவர் இல்லை. இந்த வித்தியாசங்களை ஒரே நாளில் அழிக்க முடியாது. அதனால் சமம் என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும்.

நான் மூணு கேள்வி வச்சுக்கறேன். ஒண்ணு, யாருக்கு என்ன தெரியும்? ரெண்டு, ரெண்டு பேரையும் பாதிக்கிற முடிவை யார் எடுக்கறாங்க? மூணு, பலம் கம்மியா இருக்கற ஆள் ‘இது தப்பு’ன்னு முகத்துக்கு நேரா சொல்ல முடியுமா? இந்த மூணுக்கும் பதில் சரியா இருந்தா, ஒருத்தர் பறக்கறதும் இன்னொருத்தர் பஸ்ல போறதும் பெரிய விஷயமே இல்லை.

யாருக்கு என்ன தெரியும்?

சூப்பர்மேன் முதன்முதலில் வந்தது 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில். எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷஸ்டர். அந்த முதல் கதையிலேயே லோயிஸ் இருக்கிறாள். சூப்பர்மேன் பச்சைக் காரைத் தலைக்கு மேல் தூக்குகிற அந்தப் பிரபலமான அட்டைப்படம் ஞாபகம் இருக்கா? அது லோயிஸைக் கடத்திக்கொண்டு போகிற ரவுடிகளின் கார். கிளார்க்கோடு நடனமாடப் போன இடத்தில் ரவுடி வம்பு செய்கிறான். கிளார்க் பயந்தவன் போல நடிக்கிறான். லோயிஸ் ரவுடியை அறைந்துவிட்டு, கிளார்க்கைக் கோழை என்று திட்டிவிட்டுக் கிளம்புகிறாள். அப்புறம் கடத்தல், அப்புறம் சூப்பர்மேன் வந்து காப்பாற்றுவது.

காப்பாற்றிய கையோடு அவன் லோயிஸிடம் என்ன சொல்கிறான் தெரியுமா? இதைப் பத்திரிகையில் போடாமல் இருப்பது நல்லது என்கிறான். அவளோ ஒரு நிருபர். முதல் சந்திப்பிலேயே தகவலின் கதவு அவன் கையில் போய்விடுகிறது. அவளுடைய ரெண்டு உறவும், கோழை கிளார்க், வீர சூப்பர்மேன், ஒரே ஆள் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் கிளார்க்கை மட்டமாகப் பேசும்போது அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளலாம். அவள் சூப்பர்மேனைப் பற்றி மனசைத் திறந்தால், அது கிளார்க்கின் காதிலும் விழும்.

1958-ல் லோயிஸுக்குத் தனிப் பத்திரிகையே வந்தது. பெயர் ‘சூப்பர்மேனின் கேர்ள்ஃப்ரெண்ட் லோயிஸ் லேன்’. 1974 வரை ஓடியது. அதில் திரும்பத் திரும்ப வரும் கதை: லோயிஸ் ரகசியத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாள், அவன் தந்திரம் செய்து அவளை முட்டாளாக்குகிறான். ‘சூப்பர்மேன் 2’ படத்திலும் இது உண்டு. கிளார்க்தான் சூப்பர்மேன் என்று நிரூபிக்க லோயிஸ் நயாகராவில் ஆற்றுக்குள் குதித்தே விடுகிறாள். அவன் ஒரு மரக்கிளையை உடைத்து மிதக்கவிட்டு, அவளுக்கே தெரியாமல் காப்பாற்றுகிறான். அவள் நினைத்தது முழுக்கச் சரி. ஆனால் ‘நான்தான் தப்பா நினைச்சுட்டேன்’ என்று அவளே வெட்கப்படும்படி ஆகிறது.

இதைச் சிரிச்சுட்டுத்தான் பார்த்தோம். ஆனா யோசிச்சுப் பாருங்க. சரியா புரிஞ்சுக்கிட்ட ஒருத்தரை ‘உனக்குத்தான் புரியல’ன்னு நம்ப வைக்கறதுக்கு இன்னைக்கு ஒரு பேர் இருக்கு இல்லையா? கேஸ்லைட்டிங்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். எல்லா ரகசியத்தையும் முதல் நாளே சொல்லணுமா? வேண்டாம். நம்பிக்கை வளர நேரம் எடுக்கும்; ரகசியம் வெளியே போனால் அவனுடைய பெற்றோருக்கும் ஆபத்து. அதில் தப்பில்லை. ஆனால் ஒரு எல்லை உண்டு. அந்த ரகசியத்தின் மேல் அவள் தன் வாழ்க்கையைக் கட்டப் போகிறாள் என்றால், அது அதற்குமேல் அவன் ரகசியம் மட்டும் இல்லை.

1990-களில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். காமிக்ஸின் மையக் கதையில் முதலில் நிச்சயம் ஆகிறது. பிறகு 1991 பிப்ரவரி தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 662-ம் இதழில் கிளார்க் அவளிடம் உண்மையைச் சொல்கிறான். முதல் இதழிலிருந்து கணக்குப் போட்டால் 53 வருஷம். 1993-ல் தொடங்கிய ‘லோயிஸ் அண்ட் கிளார்க்’ டிவி தொடர் இன்னும் அழகாகச் செய்தது. அவன் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறான். அவள் அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேட்பது கிளார்க்கா சூப்பர்மேனா என்று திருப்பிக் கேட்கிறாள். அவளே கண்டுபிடித்துவிட்டாள்! உடனே சம்மதிக்கவும் இல்லை. காமிக்ஸிலும் டிவியிலும் 1996 அக்டோபரில்தான் கல்யாணம் நடந்தது. அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரியும்.

க்வென்னுக்குத் தெரியாத விஷயம்

லோயிஸ் கதையில் தெரியாமல் இருப்பதன் விலை அவமானம். ஸ்பைடர்மேன் கதையில் விலை உயிர்.

1973 ஜூன் தேதியிட்ட ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 121-ம் இதழ். பீட்டர் பார்க்கரின் காதலி க்வென் ஸ்டேஸியை கிரீன் காப்ளின் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசி அவள் காலைப் பிடிக்கிறான். ஆனால் திடீரென்று நின்ற வேகத்தில் கழுத்து முறிந்துவிடுகிறது. காப்பாற்ற வீசிய வலையே உயிரை எடுத்துவிட்டது. காமிக்ஸ் வாசகர்கள் இதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

நான் சொல்ல வர்றது வேற. க்வென் சாகற வரைக்கும் பீட்டர்தான் ஸ்பைடர்மேன்னு அவளுக்குத் தெரியாது. அதைவிட, அவள் ஸ்பைடர்மேனை வெறுத்தாள். தன் அப்பா, போலீஸ் கேப்டன் ஸ்டேஸியின் சாவுக்கு அவன்தான் காரணம் என்று நம்பினாள். தன் வாழ்க்கையிலேயே ரொம்ப வெறுத்த ஆளைத்தான் தினமும் கட்டிப்பிடிக்கிறோம் என்று தெரியாமல் காதலித்தாள். எதனால் தான் குறிவைக்கப்பட்டோம் என்றுகூடத் தெரியாமல் செத்தாள். ஆபத்தில் பங்கு உண்டு, தகவலில் பங்கு இல்லை.

அமெரிக்க காமிக்ஸில் இது ஒரு வழக்கமாகவே ஆனது. 1994-ல் ‘கிரீன் லேன்டர்ன்’ இதழ் ஒன்றில் நாயகனின் காதலியைக் கொன்று ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போகிறான் வில்லன். 1999-ல் கெயில் சிமோன் என்கிற வாசகி, இப்படி நாயகனின் கதைக்காகச் சாகடிக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்தார். பெயர் ‘விமன் இன் ரெஃப்ரிஜரேட்டர்ஸ்’. பட்டியல் நீண்டுகொண்டே போனது. பின்னாளில் அவரே டிசி காமிக்ஸில் ‘வொண்டர் வுமன்’ எழுதினார் என்பது தனிச் சந்தோஷம்.

“உன் நல்லதுக்குத்தான்”

சரி, தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, முடிவு யாருடையது?

2002-ல் வந்த சாம் ரெய்மியின் ‘ஸ்பைடர்மேன்’ முடிவில், கல்லறையில் வைத்து மேரி ஜேன் தன் காதலைச் சொல்கிறாள். பீட்டரும் அவளைச் சின்ன வயசிலிருந்து காதலிப்பவன்தான். ஆனால் நட்பு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு நடக்கிறான். காரணம் சொல்லவில்லை. அடுத்த பாகம் 2004-ல். இப்போது அவளுக்கு உண்மை தெரியும். தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மணப்பெண் உடையிலேயே தெருவில் ஓடி அவன் அறைக்கு வந்து நிற்கிறாள். ஆபத்து இருக்கிறது என்று தெரியும், அதை ஏற்பதா வேண்டாமா என்பது என் முடிவு என்கிறாள். அந்த மூணு படத்துலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அவன் கட்டடத்துக்குக் கட்டடம் தாவுவதைவிட அவள் அந்தக் கதவில் வந்து நிற்பது பெரிய தைரியம்.

இப்ப கஷ்டமான கேஸுக்கு வருவோம். 2014-ல் ‘தி அமேஸிங் ஸ்பைடர்மேன் 2’. க்வென்னாக எமா ஸ்டோன். இந்த க்வென்னுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். பீட்டர் தன் மகளை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று அவள் அப்பா சாகும்போது அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கவனிங்க, அவளைப் பற்றி ரெண்டு ஆம்பளைங்க பேசி ஒரு ஒப்பந்தம் போட்டாச்சு. கடைசிச் சண்டைக்குப் போகும்போது பீட்டர் அவள் கையைக் கார் மேல் வலையால் ஒட்டிவிட்டுப் போகிறான். அவள் விடுவித்துக்கொண்டு வந்து சேர்கிறாள். மின்நிலையம் எப்படி வேலை செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் இல்லாமல் எலக்ட்ரோவைத் தோற்கடித்திருக்க முடியாது. அதற்குப் பிறகு நடந்த சண்டையில், மணிக்கூண்டில், அவள் இறந்துவிடுகிறாள்.

‘பார்த்தியா, பீட்டர் சொன்னதுதானே சரி? கேட்டிருந்தா பொழைச்சிருப்பா’ன்னு உங்கள்ல சில பேர் சொல்வீங்க. என் ஃப்ரெண்ட்ஸும் சொல்லியிருக்காங்க. நான் ஒத்துக்கமாட்டேன். ஒரு தீயணைப்பு வீரர் வேலையில் இறந்துபோனால், அவரை முன்னாடியே கட்டிப்போட்டிருக்கணும் என்று நாம் சொல்வதில்லை. 1973 க்வென்னும் இறந்தாள், 2014 க்வென்னும் இறந்தாள். முதல் க்வென் எதற்கென்று தெரியாமல் இறந்தாள். இரண்டாவது க்வென் ஆபத்தைத் தெரிந்து, கணக்குப் போட்டு, வந்தாள். துக்கம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது துக்கத்தில் அவளுக்கு மரியாதை இருக்கிறது.

அப்போ பீட்டருக்குப் பயப்பட உரிமை இல்லையா? தாராளமா இருக்கு. ‘எனக்குப் பயமா இருக்கு, இந்தப் பயத்தோட என்னால வாழ முடியல, நான் விலகறேன்’னு சொல்லலாம். அது அவனைப் பற்றிய முடிவு. ‘உனக்கு ஆபத்து, அதனால நீ விலகிடு’ன்னு சொன்னா அது அவளைப் பற்றிய முடிவு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். முதல் வாக்கியத்தில் அவன் தன் பயத்தை அவள் முன்னால் வைக்கிறான், அவள் பதில் சொல்லலாம். இரண்டாவதில் பதிலுக்கே இடம் இல்லை.

2021-ல் ‘நோ வே ஹோம்’ முடிவிலும் இதே கேள்விதான். உலகமே பீட்டரை மறந்துவிட்டது. தேடி வந்து எல்லாம் சொல்வேன் என்று எம்ஜேக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அவள் வேலை பார்க்கும் கடைக்குப் போகிறான், பேச வேண்டியதை எழுதியே கொண்டுபோகிறான். அவள் நெற்றியில் சண்டையில் பட்ட காயத்தின் பேண்டேஜைப் பார்த்ததும், சொல்லாமல் திரும்பிவிடுகிறான். தியேட்டர்ல நான் அழுதேன், பொய் சொல்லல. வீட்டுக்கு வர்ற வழியிலதான் தோணுச்சு, கொடுத்த வாக்கு என்னாச்சு?

என் கதை ஒண்ணு

இதை ஏன் இவ்வளவு சீரியஸா பேசறேன்னு கேட்டா, நானும் இதைச் செஞ்சிருக்கேன். பறக்காமலேயே.

நாலு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல எனக்கு ஜெர்மனி போற வாய்ப்பு வந்துச்சு. அப்போ நான் காதலிச்சுட்டிருந்த பொண்ணு வேலையை விட்டுட்டு இங்க படிச்சுட்டிருந்தா. நான் போனா அவ தனியா கஷ்டப்படுவான்னு நானே முடிவு பண்ணி, வேண்டாம்னு சொல்லிட்டேன். அவகிட்ட மூச்சு விடல. உள்ளுக்குள்ள ஒரு பெருமை வேற, நான் எவ்வளவு நல்லவன்னு. ஆறு மாசம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல என் டீம்ல இருக்கற ஒருத்தர் பேச்சுவாக்குல உளறிட்டார்.

அவ நன்றி சொல்வான்னு நினைச்சேன். திரும்பி வர்றப்போ ஆட்டோவுல சொன்னா: “நீ போயிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன்டா. என்னைக் கேட்காம எனக்காக ஒண்ணை விட்டுட்ட. இப்ப அந்தக் கடன் மட்டும் என் தலையில. நான் வாங்கவே இல்லாத கடன்.”

அன்னைக்கு எனக்கு அது புரியல. நிறைய சண்டை போட்டேன். அந்த உறவு தங்கல. ‘சூப்பர்மேன் 2’ திரும்பப் பார்த்தப்போதான் அந்த ஆட்டோ ஞாபகம் வந்துச்சு.

கேள்வி கேட்கிற உரிமை

மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் 2025-ல் வந்த ஜேம்ஸ் கன்னின் ‘சூப்பர்மேன்’ படத்தில் இருக்கிறது. இதில் லோயிஸாக ரேச்சல் பிராஸ்னஹான், கிளார்க்காக டேவிட் காரன்ஸ்வெட். படம் தொடங்கும்போதே மூன்று மாதமாகக் காதலிக்கிறார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். ரகசிய நாடகமே கிடையாது. கிளார்க் தன்னைத் தானே பேட்டி எடுத்துப் பத்திரிகையில் போட்டுக்கொள்கிறான் என்று அவள் கிண்டல் செய்கிறாள். சரி, நீயே எடு என்கிறான். வீட்டிலேயே உட்கார்ந்து, ரெக்கார்டரை ஆன் செய்கிறாள்.

அவ்வளவுதான், காதலி மறைந்து நிருபர் வந்துவிடுகிறாள். இரண்டு நாடுகளின் போரில் நீ தலையிட்டாயே, யாரைக் கேட்டுச் செய்தாய்? பின்விளைவை யோசித்தாயா? அவனுக்குக் கோபம் ஏறுகிறது. மக்கள் சாகப் போனார்கள், காப்பாற்றினேன் என்கிறான். அவள் விடவில்லை. நினைத்தால் வீட்டையே இடித்துவிடக்கூடியவன் முன்னால் உட்கார்ந்து, துளி பயம் இல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்கிறாள். அவனும் சண்டை போடுகிறான், கோபித்துக்கொண்டு எழுந்து போகிறான். ஆனால் கேள்வி கேட்டதற்காக அவளுக்கு எதுவும் ஆகாது என்பது இருவருக்கும் தெரியும்.

படத்துல எத்தனையோ கட்டடம் இடியுது. எனக்கு அந்தச் சோபா காட்சிதான் பெரிய ஆக்‌ஷன் சீன்.

சக்தி அவளிடம் இருந்தால்?

‘எல்லாத்துலயும் ஆம்பளைதான் பலசாலி. திருப்பிப் போட்டா?’ நல்ல கேள்வி. 2017-ல் ‘வொண்டர் வுமன்’. டயானாவுக்குத் தெய்வ சக்தி, ஸ்டீவ் ட்ரெவர் சாதாரண விமானி. டயானா தான் யார் என்பதை அவனிடம் மறைப்பதே இல்லை. முதல் உலகப் போரின் போர்முனையில், எதிர்ப்பக்கத்துக் கிராமத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிறாள். இங்கே யாராலும் கடக்க முடியாது, நாம் வந்த வேலை வேறு என்று தடுப்பது ஸ்டீவ். அவள் கேட்கவில்லை. கேடயத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுகிறாள்.

இதுல ஒண்ணு கவனிங்க. சக்தி முழுக்க அவ கையில. ஆனா ‘போகாதே’ன்னு சொல்ற பழக்கம் இன்னும் அவன் வாயிலதான். அப்படின்னா அந்தப் பழக்கம் சூப்பர் பவர்ல இருந்து வந்தது இல்லை. நம்ம வீட்டுல இருந்து வந்தது. ஸ்டீவைப் பாராட்ட வேண்டிய இடமும் உண்டு. தான் சொன்னது தப்பு என்று தெரிந்ததும், ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடுகிறான். ஈகோ பார்க்கவில்லை.

மறுபடியும் அந்த முத்தம்

கடைசியா, ஆரம்பிச்ச இடத்துக்கே போவோம். டெய்லி பிளானட் அலுவலகம், அழுகிற லோயிஸ். அந்த முத்தத்துக்கு முன்னாடி ஒரே ஒரு வரி சேர்த்திருந்தா போதும். ‘என்னால இதை உன் மனசுல இருந்து அழிக்க முடியும். அழிக்கட்டுமா?’

அவள் சரி என்று சொல்லியிருக்கலாம். அந்த வலியைத் தூக்கிக்கொண்டு நடக்க யாருக்கும் கட்டாயம் இல்லை. வேண்டாம், வலித்தாலும் இது என்னுடையது என்றும் சொல்லியிருக்கலாம். எது சொல்லியிருந்தாலும் படத்தின் முடிவு மாறாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு, உலகத்திலேயே பலமான ஆள் ஒரு நிருபரின் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருப்பான்.

நீங்க யாருக்காவது, அவங்களுக்குத் தெரியாம, ஒரு தியாகம் செஞ்சுட்டு இருக்கீங்களா? இன்னைக்கு நைட் போன் பண்ணிக் கேட்டுடுங்க. என்னை மாதிரி ஆட்டோவுல வச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வரட்டா?